கோடையிற் பனிமலைப் பயணம்

வெண்பனியைக் கண்ணாற் காணாத நாட்டிலே பிறந்தவர் நாம். பெயரளவில் மலையாயுள்ள கீரிமலையன்றி வேறு மலை அறியாத குடாநாட்டு மாணவனுக்குப் பிதுருதலாகலையின் 8,281 அடி உயரமே பெருவியப்பாகும். ஆங்கும் தை மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்துப் புல்நுனிகளிற் படியும் உறைபனியைக் காணலாமேயன்றி, வெண்பனி பெய்யக் காண்டல் இல்லை. அவ்வாறிருக்க, எமது கல்லூரியின் விழா மலரிலே பனிமலைப் பயணம் பற்றி எழுதுவது எற்றுக்கு என வினவுவார் உளராவர்.

அவர்க்கு நாம் கூறும் விடை இது. பூமிசாத்திர வகுப்பிலே பனிக்கட்டியாறு என்னும் சொல்லை மனனஞ் செய்தோம். பௌதிக வகுப்பிலே அமுக்கம், உராய்வு, கப்பி, மறைவெப்பம், கதிர்வீசல் என்பவற்றைப் படித்தோம். பரீட்சை முடிந்ததும் அவற்றுட் பலவற்றை மறந்தோம். அப்பாடங்கள் யாவும் ஒருங்கு திரண்டு, மனிதனின் உயிருக்குப் பிணையாக நிற்கும் இடம் ஒன்றைப் பின்னாளிற் கண்டோம். அவ்விடமே கோடைகாலத்துப் பனிக்கட்டியாறு. அதன்மீது சறுக்கற்பலகை பூண்டு ஏறி இறங்கும் கலையையும், அக்கலையின் அடியில் நிற்கும் அறிவையும் ஈண்டு ஒரு பாடமாக எடுத்துரைப்போம். எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்திலுள்ள றெயினியர் மலையைக் கொள்வோம்.

பனிக்கட்டியாறு யாது?

தமிழிலே பனி என்னுஞ் சொல் பல பொருள்களுக்குப் பொதுவாய் நிற்கிறது. மார்கழி விடியலிற் புல்லில் நிற்பதும் பனி. மலைமுகட்டில் ஆண்டு முழுவதும் கிடப்பதும் பனி. ஆயின், பனிமலையில் நடப்போன் இப்பொதுச் சொல்லோடு அமைதல் இயலாது. ஆகாயத்திலிருந்து துகளாக விழுவதை வெண்பனி என்றும், ஒரு கோடையைக் கடந்தும் உருகாது நின்று இறுகியதை முதுபனி என்றும், அமுக்கத்தால் முற்றாகக் கட்டித்ததைப் பனிக்கட்டி என்றும் இக்கட்டுரையில் வேறுபடுத்திக் கூறுவோம்.

புதிதாக விழுந்த வெண்பனியின் ஒரு கனமீற்றர் 50 முதல் 100 கிலோகிராம் வரை நிறையுடையது. அதன் பெரும்பகுதி காற்றேயாம். மேன்மேலும் விழும் பனியின் பாரத்தால் அது நெருங்கி, முதுபனியாகி, ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 830 கிலோகிராம் என்னும் அளவை எய்தும்போது, துகள்களுக்கிடையிலுள்ள காற்று தனித்தனிக் குமிழிகளாக அடைபட்டுப் போகிறது. அந்நிலையில் அது பனிக்கட்டி எனப்படும்.

இப்பனிக்கட்டி தடித்துச் சரிவில் அமையும்போது தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது மெல்ல ஒழுகத் தொடங்குகிறது. இறுகிய பொருள் ஒழுகுமோ எனின், ஒழுகும். 1840ஆம் ஆண்டுகளில் சுவிற்சர்லாந்திலே அகாசி என்பாரும், பிரான்சிய அல்ப்சு மலையிலே போபெசு என்பாரும் பனிக்கட்டியாறுகளின்மீது அடையாளங்களை நாட்டி அளந்தனர். ஆற்று நீரைப் போலவே நடுப்பகுதி விரைந்தும் கரைப்பகுதி தாமதித்தும் செல்வதை அவ்வளவைகள் நிறுவின.

இதற்கு வரலாறு தந்த சான்று ஒன்று நெஞ்சை உருக்குவது. 1820ஆம் ஆண்டிலே மொன் பிளாங் மலையேறச் சென்ற ஒரு குழுவினரைப் பனிச்சரிவு தாக்கியது. வழிகாட்டிகள் மூவர் ஆழ்ந்த பிளவொன்றினுள் வீழ்ந்து மறைந்தனர். பனிக்கட்டி செல்லும் வேகத்தைக் கணித்த போபெசு, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அவர்தம் உடல்கள் கீழே வெளிப்படும் என்றார். 1861ஆம் ஆண்டிலே பொசோன் பனிக்கட்டியாற்றின் அடிப்புறத்தில் அவர்தம் எச்சங்கள் வெளிவந்தன. கணக்கு பொய்க்கவில்லை.

பிளவுகளும் பாலங்களும்

ஒழுகும் பனிக்கட்டியின் அடிப்பகுதி மேலுள்ள அமுக்கத்தாற் களிபோல் உருமாறிச் செல்லும். மேற்பகுதிக்கோ அவ்வியல்பு இல்லை; அது முறியும் தன்மையது. ஆதலால், அடித்தரை மேடாக வளையுமிடத்தும், சரிவு திடீரெனச் செங்குத்தாகுமிடத்தும், ஆறு திரும்புமிடத்தும் மேற்பகுதி இழுபட்டு வெடிக்கிறது. அவ்வெடிப்புகளே பிளவுகள். அவை பெரும்பாலும் முப்பது நாற்பது மீற்றருக்குக் கீழே செல்வதில்லை. அவ்வாழத்தில் பனிக்கட்டி ஒழுகி வெடிப்பை மூடிவிடும். ஆயினும், முப்பது மீற்றர் என்பது ஏறக்குறைய நூறு அடி. பத்து மாடிக் கட்டிடத்தின் உயரத்தை ஒப்பது.

வெளியே தெரியும் பிளவு அத்துணை அஞ்சத்தக்கதன்று. அதைச் சுற்றிச் செல்லலாம். மாரியிற் பெய்த பனியாற் கூரையிடப்பட்டு மறைந்து கிடக்கும் பிளவே கொடிது. அக்கூரையைப் பனிப்பாலம் என்பர். வைகாசியில் அது தடித்து உறுதியாயிருக்கும். ஆனி, ஆடி என வெயில் முதிர முதிர அது மெலிந்து தொய்யும். தொய்ந்த இடத்தில் நீண்ட பள்ளமொன்று நிழற்கோடுபோலத் தோன்றும். சாய்வெயிலில் அக்கோட்டைக் காணப் பழகிய கண்ணே பனிக்கட்டியாற்றுப் பயணிக்கு முதற் கருவியாகும்.

சறுக்கற்பலகை விளையாட்டுக்குரியதன்றி வேறு பயனற்றது என நினைப்போர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்பாராக. மூட்டையுடன் ஒருவரின் பாரம் 80 கிலோகிராம் எனக் கொள்வோம். சப்பாத்தின் அடிப்பரப்பு 250 சதுர சதமமீற்றர் எனின், ஒரு காலூன்றி நிற்கும்போது சதுர சதமமீற்றர் ஒன்றின்மீது 0.32 கிலோகிராம் பாரம் அமரும். 175 சதமமீற்றர் நீளமும் சராசரி 9.5 சதமமீற்றர் அகலமும் உடைய பலகையின் பரப்பு ஏறக்குறைய 1,660 சதுர சதமமீற்றர். ஒரு பலகையின்மீது நிற்பினும் பாரம் 0.05 கிலோகிராமுக்குக் குறையும். இரு பலகையிலும் நிற்பின் இன்னும் பாதி. ஆகவே சப்பாத்தோடு நடப்போனை விழுங்கும் பாலம், பலகையோடு செல்வோனைத் தாங்கக்கூடும். தாங்கக்கூடும் என்றே கூறினோம். தாங்கும் எனக் கூறவில்லை. இவ்விரு சொற்களுக்குமிடையே உள்ள வேற்றுமையை மறந்தோர் பலர் மீளவில்லை.

கோடையும் கடிகாரமும்

பனிச்சறுக்கு மாரிக்குரியதன்றோ, கோடையில் அதை நாடுவானேன் எனின், காரணம் உண்டு. மாரியிற் பனி ஆழமாயும், புதிதாயும், அடுக்கடுக்காயும் கிடப்பதால் பனிச்சரிவு அபாயம் மிகுதி, பகற்பொழுதோ குறைவு. கோடையில் மாரிப்பனி பலமுறை உருகி உறைந்து ஒரே திணிவாக இறுகியிருக்கும். பகல் நீளும், வானிலையும் பெரும்பாலும் நிலைத்து நிற்கும். ஆனால், கோடைப்பனி நாள்தோறும் தன் இயல்பை மாற்றும். அம்மாற்றத்தைக் கடிகாரத்தோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.

முகிலற்ற இரவிலே பனிப்பரப்பு தன் வெப்பத்தை ஆகாயத்துக்குக் கதிர்வீசி இழக்கிறது. அதனால், காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலாயிருப்பினும் பனியின் மேற்பரப்பு கல்லென இறுகும். முகில் மூடிய இரவிலோ, போர்வை போர்த்ததுபோல வெப்பம் தங்கிவிடும். குளிர் உணரப்படினும் பனி இறுகாது. ஆகையால், புறப்படுமுன் பயணி முதலிற் பார்க்க வேண்டியது வெப்பமானியையன்று, விண்மீன்களையே. விண்மீன் தெரியாத இரவின்பின் பனி கூழாயிருக்கும், பாலங்கள் வலுவிழந்திருக்கும். அந்நாளிற் படுக்கையை விட்டெழாதிருத்தலே அறிவு.

இறுகிய பனியின்மீது காலை வெயில் பட்டதும் முதலிற் கிழக்கு நோக்கிய சரிவும், பின் தெற்கு நோக்கியதும், ஈற்றில் மேற்கு நோக்கியதும் இளகும். மேலே ஓரிரு அங்குலம் மாத்திரம் இளகி, அடிப்பகுதி இறுகியே நிற்கும் பொழுது ஒன்று உண்டு. அப்போது பனி சோளமணிபோல் உருண்டு, பலகைக்கு இசைந்து கொடுக்கும். கோடைச் சறுக்கலின் இன்பம் முழுவதும் அவ்வொரு மணிநேரத்தில் அடங்கியது. அதற்கு முன் இறங்கின் சரிவு கண்ணாடிபோல் வழுக்கும், விழுந்தோன் நில்லான். அதற்குப் பின் இறங்கின் முழங்கால் வரை புதையும். ஈரப்பனி சரிந்து ஓடவுங்கூடும். எனவே, இறங்கும் நேரத்தை முதலில் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணியே புறப்படும் நேரத்தைக் குறித்தல் முறை.

கோடை முதிர்ந்தபின் பனிமுகம் வேறுபடும். வெயில் தின்ற சிறு குழிகள் தேன்கூடுபோற் பரப்பெங்கும் தோன்றும். சிவந்த நிறமுடைய நுண்ணிய அல்காக்கள் பனியில் வளர்ந்து, வத்தகப்பழச் சாறு கொட்டினாற்போல் இளஞ்சிவப்புத் திட்டுகளை உண்டாக்கும். நிறம் ஏறிய பனி வெயிலை மிகுதியாக உறிஞ்சி இன்னும் விரைவாக உருகும்.

கருவிகளும் கயிறும்

பலகை வழுக்குவதற்கென்றே அமைந்தது. அதைக்கொண்டு மேலேறுவது எவ்வாறு? பலகையின் அடியில் ஒருபக்க மயிருடைய நீண்ட பட்டையொன்றை ஒட்டுவர். மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன்னே தள்ளும்போது வழுக்கும். பின்னே சறுக்க முனையும்போது பனியைப் பற்றும். பண்டு கடல்நாயின் தோல் இதற்குப் பயன்பட்டது. இன்று நைலோனும் அங்கோரா ஆட்டின் மயிரும் பயன்படுகின்றன. பாதத்தின் குதி மேலெழும்ப இடங்கொடுக்கும் பிணைப்பு, ஏறும்போது நடப்பதற்கு உதவும். இறங்கும்போது குதியைப் பூட்டிக்கொள்ளலாம். நோர்வே நாட்டினர் பழங்காலந் தொட்டே இக்கலையிற் சிறந்தவர். 1888ஆம் ஆண்டிலே நான்சென் என்பார் தம் தோழர் ஐவருடன் கிறீன்லாந்தின் பனிக்கட்டிப் பீடத்தைக் குறுக்கே கடந்தபோது உலகம் இதன் வலிமையை உணர்ந்தது.

பனிக்கட்டியாற்றின்மீது ஏறுவோர் இடையில் வார் பூண்டு, மூவர் அல்லது நால்வர் ஒரு கயிற்றிற் பிணைந்து, பத்துப் பதினைந்து மீற்றர் இடைவெளியிற் செல்வர். கயிறு தளராதிருத்தல் வேண்டும். தளர்ந்த கயிறு வீழ்வோனை வீழவிட்டபின்னரே இழுபடும். அவ்விழுப்பு மற்றையோரையும் உடன்கொண்டு போகும். ஒருவர் பிளவில் வீழ்ந்தால், ஏனையோர் உடனே பனியில் விழுந்து கோடரியை ஊன்றித் தடுப்பர். பின், ஒரு பலகையையோ கோடரியையோ குறுக்கே பனியிற் புதைத்து, அதைத் தறியாக்கிக் கயிற்றைக் கட்டுவர்.

இங்கேதான் கப்பிப் பாடம் வருகிறது. கயிற்றை இருமுறை மடித்து அமைக்கும் இழுவையின் பொறிமுறை நயம் மூன்று. உராய்வு இல்லையெனின் 80 கிலோகிராம் பாரத்தை 27 கிலோகிராம் விசையால் தூக்கலாம். ஆனால், கயிறு பிளவின் விளிம்பிலே பனியை அறுத்துக்கொண்டு புதையும், வளையங்களில் உராயும். ஆகவே, விளிம்பின்கீழ்க் கோடரிக் காம்பையோ பையையோ வைத்த பின்னரே இழுத்தல் வேண்டும். அதை வைக்க மறந்து இழுப்போர் வீழ்ந்தவரை விளிம்பின் அடியிலே நசுக்குவர். வீழ்ந்தவர் தாமே ஏறுதற்கு, ஒஸ்திரிய நாட்டுக் காள் புறூசிக் என்பாரின் பெயரால் வழங்கும் முடிச்சு உதவும். பாரம் ஏறினால் இறுகி, பாரம் நீங்கினால் நெகிழும் அம்முடிச்சை வீட்டிலே ஒரு தூணிற் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகுதல் நன்று. குளிரில் விறைத்த விரல்கள் புதிதாக எதையும் கற்கமாட்டா.

றெயினியர் மலையில் ஒரு நாள்

றெயினியர் 14,410 அடி உயரமுள்ள எரிமலை. அதன் முகட்டிலிருந்து இருபத்தைந்துக்கு மேற்பட்ட பனிக்கட்டியாறுகள் நாற்புறமும் இறங்குகின்றன. பசுபிக் சமுத்திரத்தின் ஈரக்காற்று இம்மலையில் மோதுவதால் ஆங்குப் பெய்யும் பனி அளவிறந்தது. 5,400 அடி உயரத்திலுள்ள பரடைசு என்னுமிடத்தில் 1971–72ஆம் ஆண்டு மாரியில் 1,122 அங்குலப் பனி பெய்தது. 1899ஆம் ஆண்டிலே இம்மலை தேசிய பூங்காவாக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டிலே நால்வர் முகட்டிலிருந்து எமன்சுப் பனிக்கட்டியாற்றின் வழியே சறுக்கற்பலகையில் இறங்கினர்.

பரடைசிலிருந்து 10,188 அடி உயரத்திலுள்ள மூயர் முகாம் வரை செல்லும் வெளி மூயர் பனிவெளி எனப்படும். ஏற்றம் ஏறக்குறைய 4,800 அடி. மணிக்கு ஆயிரம் அடி ஏறுவோர் இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டால் காலை ஏழு மணிக்கு முகாமை அடைவர். பனி இளகும்வரை இளைப்பாறி, ஒன்பது பத்து மணியளவில் இறங்கத் தொடங்கினால் ஒரு மணிநேரத்துக்குள் கீழே நிற்கலாம். வழி நெடுகத் திறந்த வெளி. கோடையின் பிற்பகுதியிலன்றிப் பிளவுகளும் அரிது. புதியோர் பழகுதற்கு இதனினும் எளிய இடம் இம்மலையில் இல்லை என்றே சொல்வர்.

அவ்வெளிய இடத்திலேயே பலர் உயிரிழந்துள்ளனர். பனிவெளியின் மேற்கே நிஸ்குவாலிப் பனிக்கட்டியாறும், கிழக்கே பரடைசுப் பனிக்கட்டியாறும் கிடக்கின்றன. முகில் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெண்மையாகிவிடும். தன் பலகையின் நுனியுந் தோன்றாது. தான் நிற்கிறாரோ நகர்கிறாரோ என்பதே தெரியாது போகும். அந்நிலையில் இறங்குவோர் இருபுறமும் வழிதவறுதல் எளிது.

ஓர் ஆனி மாதத்தில் நாம் தோழர் இருவருடன் அவ்வெளியில் ஏறினோம். 9,000 அடியளவில், தென்மேற்கிலிருந்து முகில் வந்து மலையைப் போர்த்தது. மேலே செல்ல வேண்டும் என்றார் ஒரு தோழர். இன்னும் ஆயிரத்துச் சொச்சம் அடிதானே எஞ்சியுள்ளது என்றார். அவர் பல ஆண்டு பழகியவர், நாமோ புதியோம். ஆயினும், நேரமும் திசையும் குறித்த சிறு புத்தகம் எம் கையிலிருந்தது. ஏறும்போது ஒவ்வொரு பாறைத் திட்டிலும் திசைகாட்டியை வைத்து, இறங்கவேண்டிய திசையைப் பாகையில் எழுதியிருந்தோம். நெடுநேர வாதத்தின்பின் திரும்பினோம்.

இறங்கும்போது சரிவு எம்மை இடப்பக்கமாக இழுத்தது. வழி அதுவே என எம் கால்கள் உறுதியாகச் சொல்லின. அப்பழகிய தோழரும் அவ்வாறே சொன்னார். திசைகாட்டியோ வலப்பக்கத்தைக் காட்டியது. கருவி பழுதோ என ஐயுற்று இரண்டாவது கருவியை எடுத்தோம். அதுவும் அதையே காட்டியது. மனமில்லாமலே அதன்வழிச் சென்றோம். ஐம்பது பாகம் சென்றபின் காற்று முகிலைக் கிழித்தது. நாம் முன்னர் நின்ற இடத்துக்கு இடப்புறம், சற்றுத் தாழ, பரடைசுப் பனிக்கட்டியாற்றின் பிளவொன்று நீலவாய் திறந்து கிடந்தது. எவரும் பேசவில்லை. அத்தோழர் தம் பலகையின் பிணைப்பைக் குனிந்து சரிசெய்வார்போல நெடுநேரம் குனிந்தே நின்றார்.

இன்று செய்மதி வழி இடமறியும் கருவி கைத்தொலைபேசியிலே அடங்கிவிட்டது. அது நன்று. ஆயின், குளிரில் மின்கலம் வலுவிழக்கும். நனைந்த கையுறையால் திரையை இயக்கல் இயலாது. ஆகவே சமவுயரக்கோட்டுப் படமும் திசைகாட்டியும் இன்னும் பையில் இருத்தல் வேண்டும்.

அறிவுக்கு எட்டாத இடரும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1981ஆம் ஆண்டு ஜூன் 21ஆந் திகதி இங்கிறகம் பனிக்கட்டியாற்றில் மேலிருந்த பனிக்கட்டித் திரள் இடிந்து விழுந்தபோது, மலையேறச் சென்றவருட் பதினொருவர் அதன்கீழ்ப் புதையுண்டனர். அவ்வகை இடத்தில் நிற்கும் நேரத்தைக் குறைக்கலாமேயன்றி, இடரை முற்றாக நீக்கல் யார்க்கும் ஆகாது.

உருகிச் செல்லும் பாடநூல்

இக்கலைக்கு நிலைக்களமாகிய பனிக்கட்டியே இன்று குறைந்து வருகிறது. றெயினியர் மலையிலுள்ள பனிக்கட்டியின் கனவளவில் ஏறத்தாழ 14 சதவீதம் 1970 முதல் 2008 வரையுள்ள காலத்தில் அழிந்தது. ஒருகாலத்தில் மக்கள் திரண்டு சென்று பார்த்த பரடைசுப் பனிக்குகைகள் இன்றில்லை. பொலிவியா நாட்டிலே 5,300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திற் சறுக்கற்களமாக விளங்கிய சக்கல்தாயாப் பனிக்கட்டியாறு 2009ஆம் ஆண்டளவில் முற்றாக மறைந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2025ஆம் ஆண்டைப் பனிக்கட்டியாறுகளைப் பேணும் ஆண்டாக அறிவித்தது. இஃது அடிவாரத்து மக்களின் குடிநீரையும் பயிரையும் பற்றிய செய்தியுமாகும். கோடையில் ஆறு வற்றாதிருக்க நீர் தருவன இவையே. பயணிக்கும் இதனாற் கேடுண்டு. பாலங்கள் முந்தி மெலிகின்றன. பிளவுகள் முந்தித் திறக்கின்றன. முன்பு ஆடியிற் சென்ற வழி ஆனியிலேயே அடைபடுகிறது. பழைய நூலை நம்பி ஏறுவோர் பிழைபடுவர். ஆண்டுதோறும் புதிதாகப் பார்த்து, புதிதாகவே தீர்மானித்தல் வேண்டும்.

எமது கல்லூரி வகுப்பறையிலே, விடை தவறினால் ஒரு புள்ளி குறையும் என அஞ்சினோம். பனிவெளியிலோ குறைவது புள்ளியன்று. ஆயினும் இரண்டிடத்தும் வேண்டப்படும் பழக்கம் ஒன்றே: அளந்ததை எழுதிவைத்தல், எழுதியதை நம்புதல், நேரம் வந்தபோது நாணாது திரும்புதல். அத்தோழர் மறுவாரம் எம்மை அழைத்து, இன்னொருமுறை போவோமா எனக் கேட்டார். போனோம். அன்று வானம் தெளிந்திருந்தது. காலை ஏழு மணிக்கு மூயர் முகாமில் நின்றோம். புறப்படுமுன்னர் அவர் கையிலும் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் இருந்ததைக் கண்டோம்.